பிரிட்டனில் எல்.எல்.பி.: பட்டம் கிடைக்கும், வக்கீல் அங்கி கிடைக்குமா?

பிளஸ் டூ தேர்வு முடிவு வந்ததும் பள்ளிவாசலுக்குத் துஆ கேட்டு வரும் பெற்றோர்களில் சிலர் இப்போது புதிதாக ஒன்று கேட்கிறார்கள். "ஹஜ்ரத், பிள்ளையை லண்டனுக்கு அனுப்பி வக்கீலுக்குப் படிக்க வைக்கலாம் என்றிருக்கிறோம். இங்கே ஐந்து வருஷம், அங்கே மூன்றே வருஷமாம். மார்க்கத்தில் ஏதும் தடை உண்டா?"

மார்க்கம் பற்றிய கேள்விக்குப் பதில் சிறியது, கீழே சொல்கிறேன். அதற்கு முன்பு கேட்டிருக்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. அந்த மூன்று வருடத்தில் பிள்ளைக்குக் கிடைப்பது என்ன? அதை வைத்துக்கொண்டு எந்த ஊர் நீதிமன்றத்தில் அவர் எழுந்து நிற்கலாம்? ஒரு கோடி ரூபாய்க்கு மேல் செலவாகும் காரியத்தில் இதைக் கேட்காமலேயே பல குடும்பங்கள் மனையை விற்க விலை பேசி விடுகின்றன. அதனால்தான் இதை விரிவாக எழுத வேண்டியிருக்கிறது.

பிரிட்டன் என்று நாம் ஒரே பெயரில் சொன்னாலும் அங்கே சட்டம் ஒன்றல்ல. இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் ஒரு சட்டம். ஸ்காட்லாந்துக்குத் தனிச் சட்டம், தனி நீதிமன்றங்கள். வட அயர்லாந்துக்கும் தனி. எடின்பரோவில் எல்.எல்.பி. சேர்ந்தால் படிக்கப்போவது ஸ்காட்லாந்துச் சட்டம். ஹானர்ஸ் பட்டத்துக்கு நான்கு ஆண்டு ஆகும். நம் பிள்ளைகள் பெரும்பாலும் தேடுவது இங்கிலாந்தின் மூன்றாண்டுப் படிப்பைத்தான். ஆக்ஸ்ஃபோர்டிலும் கேம்பிரிட்ஜிலும் இளநிலையில் எல்.எல்.பி. என்ற பெயரே கிடையாது. சட்டம் படித்து முடித்தவருக்கும் அங்கே பி.ஏ. பட்டம்தான் தருகிறார்கள். (என்னைப் போன்ற பழைய பி.ஏ.க்காரர்களுக்கு இது ஒரு சின்ன ஆறுதல்.)

நத்தை விழுந்த பாட்டில்

ஒப்பந்தச் சட்டம், குற்றவியல் சட்டம், நிலச் சட்டம், அரசமைப்பும் அரசு நிர்வாகமும், ஒருவர் பிறருக்குச் செய்யும் தீங்குக்கு ஈடு கேட்கும் 'டார்ட்' சட்டம், டிரஸ்ட் சட்டம், ஐரோப்பிய ஒன்றியச் சட்டம் ஆகியவை நெடுங்காலமாக அங்கே அடிப்படைப் பாடங்கள். 2020இல் பிரிட்டன் ஒன்றியத்தை விட்டு விலகிய பிறகும் கடைசிப் பாடம் பல இடங்களில் தொடர்கிறது. மற்றபடி மனித உரிமை, குடும்பம், கம்பெனி, சர்வதேசச் சட்டம் என்று மாணவர் விரும்பி எடுப்பவை உண்டு. சில பல்கலைக்கழகங்களில் இஸ்லாமியச் சட்டமும் விருப்பப் பாடமாக இருக்கிறது.

பாடங்களின் பெயரைவிட அவற்றை நடத்தும் முறையைத் தெரிந்துகொள்வது முக்கியம். இங்கிலாந்துச் சட்டத்தின் பெரும்பகுதி நீதிபதிகளின் தீர்ப்புகளிலிருந்து வளர்ந்தது. எனவே மாணவர் முதல் வாரத்திலிருந்தே தீர்ப்புகளை வாசிக்க வேண்டும்.

எல்லோரும் முதலில் படிக்கும் தீர்ப்புகளில் ஒன்று 1932இல் வந்தது. ஸ்காட்லாந்தின் பெய்ஸ்லி நகரில் ஒரு பெண்ணுக்கு அவருடைய தோழி இஞ்சி பானம் வாங்கித் தருகிறார். பாட்டில் உள்ளே தெரியாத நிறம். பாதி குடித்த பிறகு மீதியை ஊற்றினால் அழுகிய நத்தை ஒன்று விழுந்ததாம். அந்தப் பெண்ணுக்கு உடல்நலம் கெட்டது. கடைக்காரர் மீது வழக்குப் போட முடியாது, ஏனென்றால் காசு கொடுத்து வாங்கியவர் தோழி. அப்படியானால் பானம் தயாரித்தவர் மீது? அவருக்கும் இந்தப் பெண்ணுக்கும் எந்த ஒப்பந்தமும் இல்லையே! பிரபுக்கள் சபையில் ஐந்து நீதிபதிகளில் மூவர், தயாரித்தவருக்குப் பொறுப்பு உண்டு என்றனர். நம் செயலால் பாதிக்கப்படக்கூடியவர் என்று நாம் முன்கூட்டியே கருத வேண்டியவர் எவரோ, அவரே சட்டத்தின் பார்வையில் நமக்கு 'அண்டை வீட்டார்' என்பது அட்கின் பிரபுவின் விளக்கம்.

அண்டை வீட்டாரின் ஹக்கைப் பற்றிப் பயானில் கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு இந்தச் சொல் அந்நியமாக இருக்காது. ஆனால் ஆசிரியர் அடுத்துக் கேட்பது வேறு: இந்தத் தீர்ப்புக்குக் காரணம் எது? நத்தையா, பாட்டிலின் நிறமா, உணவுப் பொருள் என்பதா? 1935இல் ஆஸ்திரேலியாவிலிருந்து ஒரு வழக்கு பிரிவி கவுன்சிலுக்கு வந்தது. கம்பளி உள்ளாடையில் தங்கிவிட்ட ரசாயனத்தால் ஒருவருக்குத் தோல் நோய் வந்துவிட்டது. நத்தையும் இல்லை, பானமும் இல்லை. ஆனாலும் அதே விதி செல்லும் என்று தீர்ப்பாயிற்று. தயாரித்தவர் கையை விட்டுப் போன பொருள், இடையில் யாரும் சோதித்துப் பார்க்க வழியில்லாமல் பயன்படுத்துபவரை வந்தடைகிறது என்பதே இரண்டிலும் பொதுவான காரணம்.

மதரஸாவில் உஸூலுல் ஃபிக்ஹு ஓதியவர்கள் இதைப் படித்தால் புன்னகைப்பார்கள். திராட்சை மது ஹராம் என்ற சட்டத்தின் 'இல்லத்' போதை என்று கண்டறிந்து, போதை தரும் வேறு பொருளுக்கும் அதே சட்டத்தைக் கியாஸ் செய்வது நமக்குப் பழகிய பாதை. இன்னொரு பிரபல வழக்கு, புகை உருண்டை விற்ற கம்பெனியுடையது. "எங்கள் பொருளை முறைப்படி பயன்படுத்தியும் இன்ஃபுளுயன்சா வந்தால் 100 பவுண்டு தருவோம்" என்று விளம்பரம் செய்துவிட்டு, நோய் வந்த பெண்மணி கேட்டபோது கொடுக்க மறுத்தார்கள். கொடுத்தே ஆக வேண்டும் என்றது நீதிமன்றம். இந்தக் காரியத்தைச் செய்பவருக்கு இன்ன கூலி என்று பொதுவில் அறிவிக்கும் 'ஜுஆலா' பற்றி நம் ஃபிக்ஹு நூல்களில் தனிப் பாடமே இருக்கிறது. வேறுபாடும் உண்டு. நம்மிடம் கியாஸ் வஹீயின் மீது நிற்கிறது. அங்கே மேல் நீதிமன்றத்தின் சொல்லே மூலம். நாளை பாராளுமன்றம் அதை மாற்றிவிடலாம்.

தேர்வும் இதே பாணிதான். ஒரு பக்கத்துக்குக் கற்பனைச் சம்பவம் ஒன்றைக் கொடுத்து, "இவர்களுக்கு ஆலோசனை கூறுக" என்று முடித்து விடுவார்கள். எந்தத் தீர்ப்பு பொருந்தும், எது ஏன் பொருந்தாது, எதிர்த்தரப்பு என்ன சொல்லும் என்று எழுத வேண்டும். கைடு நோட்டை மனப்பாடம் செய்து பிளஸ் டூவில் 95 சதவீதம் எடுத்த பிள்ளை முதல் ஆண்டில் தடுமாறுவது இங்கேதான். வகுப்பு நேரம் குறைவு, தனியே வாசிக்கும் நேரம் அதிகம். உங்கள் பிள்ளைக்கு ஆங்கிலத்தில் நாற்பது பக்கத்தைத் தொடர்ந்து வாசித்துச் சாரத்தைச் சொல்ல முடிகிறதா என்று வீட்டிலேயே சோதித்துப் பாருங்கள். முடியவில்லை என்றால் இது அவருக்கான படிப்பு அல்ல.

வக்ஃபும் லண்டன் தீர்ப்பும்

மனிதர் இயற்றிய சட்டத்தைப் படிக்கலாமா என்ற கேள்விக்கு நம் முன்னோர் வரலாற்றிலேயே ஒரு பதில் கிடக்கிறது.

தன் சந்ததியினர் பயன்பெற வேண்டும், சந்ததி அற்றுப்போனால் ஏழைகளுக்குச் சேர வேண்டும் என்று சொத்தை வக்ஃபு செய்வது முஸ்லிம்களிடம் நூற்றாண்டுகளாக இருந்த வழக்கம். 1894இல் வங்காளத்திலிருந்து சென்ற ஒரு வழக்கில், இப்படிப்பட்ட குடும்ப வக்ஃபு செல்லாது என்று லண்டன் பிரிவி கவுன்சில் தீர்ப்பளித்தது. ஏழைகளுக்கு என்று சொல்வது வெறும் ஒப்புக்கு, உண்மையில் இது குடும்பச் சொத்தைக் கட்டிக் காப்பது என்பது அவர்கள் வாதம். தர்மம் என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும் என்ற தங்கள் நாட்டுக் கருத்தை அவர்கள் நம் ஷரீஅத் மீது வைத்துப் பார்த்தார்கள். அதற்கு முன்பே கல்கத்தா உயர் நீதிமன்றத்தில் இதே பிரச்சினையில் மாற்றுத் தீர்ப்பு எழுதியவர் நீதிபதி சையத் அமீர் அலி. அவர் லண்டன் இன்னர் டெம்பிளில் பாரிஸ்டரானவர். 1909இல் அதே பிரிவி கவுன்சிலின் நீதிக்குழுவில் அமர்ந்த முதல் இந்தியரும் அவரே. பிறகு லிங்கன்ஸ் இன் பாரிஸ்டரான முகம்மது அலி ஜின்னா, இந்தியச் சட்டமன்றத்தில் மசோதா கொண்டுவந்து வாதாடி, 1913ஆம் ஆண்டின் வக்ஃபு செல்லுபடிச் சட்டத்தைப் பெற்றுத் தந்தார். லண்டனில் பூட்டிய பூட்டை, லண்டன் சட்டத்தை உள்ளும் புறமும் அறிந்தவர்கள் திறந்தார்கள்.

இங்கிலாந்தின் டிரஸ்ட் முறையே வக்ஃபைப் பார்த்து உருவானதாக இருக்கலாம் என்று சில ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். எல்லோரும் அதை ஏற்கவில்லை. நாமும் மேடையில் அதை முடிந்த முடிவாகப் பேச வேண்டியதில்லை.

இன்றைய தேவைக்கும் ஓர் உதாரணம். 1998இல் லண்டனில் ஓர் உணவகத்தில் இமாம் முன்னிலையில், சாட்சிகளோடு நிகாஹ் நடந்தது. அரசுப் பதிவு செய்யவில்லை. மனைவி பலமுறை கேட்டும் கணவர் தட்டிக் கழித்தார். நான்கு பிள்ளைகள் பிறந்த பிறகு உறவு முறிந்தது. 2018இல் குடும்ப நீதிமன்றம் அந்தப் பெண்ணுக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொன்னது. ஆனால் 2020இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், இங்கிலாந்துச் சட்டப்படி அது செல்லாத திருமணம் என்றுகூடச் சொல்ல முடியாது, திருமணச் சடங்காகவே கணக்கில் வராது என்று முடிவு செய்தது. அப்படியானால் விவாகரத்தில் கிடைக்கும் சொத்துரிமையை இத்தகைய பெண்கள் கோர வழியில்லை. அங்கே மகளைக் கட்டிக்கொடுக்கும் நம்மவர்கள் அவசியம் அறிய வேண்டிய செய்தி இது. ஷரீஅத்தும் தெரிந்து, அந்நாட்டுச் சட்டமும் தெரிந்து, நிகாஹுக்கு முன்பே பதிவைச் செய்யுங்கள் என்று எச்சரிக்கும் வழக்கறிஞர்கள் எத்தனை பேர் வேண்டும்! சட்டம் கற்பது தடை அல்ல. கற்றதை அநியாயத்துக்கு வாதாடப் பயன்படுத்துவதே தடை. இது எந்த நாட்டு வக்கீலுக்கும் பொருந்தும்.

பட்டம் வேறு, தொழில் வேறு

எல்.எல்.பி. முடித்தவர் வக்கீல் அல்ல. இதைப் பெரிய எழுத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஜின்னா பல்கலைக்கழகப் பட்டம் இல்லாமலேயே பாரிஸ்டரானவர். 'இன்' எனப்படும் வழக்கறிஞர் மன்றமும் அதன் தேர்வுமே அன்று போதுமானதாக இருந்தன. அந்தக் காலத்து நினைப்பில்தான் நம் வீடுகளில் லண்டன் படிப்பையும் பாரிஸ்டரையும் ஒன்றாக்கிப் பேசுகிறோம்.

இன்று இங்கிலாந்தில் இரண்டு வழிகள் உள்ளன. சொலிசிட்டர் ஆக வேண்டுமானால் 2021இல் வந்த எஸ்.க்யூ.இ. தேர்வின் இரு கட்டங்களையும் தேறி, இரண்டாண்டுப் பணி அனுபவம் காட்ட வேண்டும். தேர்வுக் கட்டணமே 5,000 பவுண்டை ஒட்டி வரும். பாரிஸ்டர் ஆக வேண்டுமானால் நான்கு இன்களில் ஒன்றில் சேர்ந்து, தனிப் பயிற்சிப் படிப்பை முடித்து, பின்பு மூத்த பாரிஸ்டர்களிடம் ஓராண்டு 'பியூபிலேஜ்' பெற வேண்டும். அந்த இடங்கள் மிகச் சில; கடும் போட்டி. நல்ல நிறுவனங்கள் பட்டத்தில் 2:1 என்ற இரண்டாம் வகுப்பின் மேல்நிலையாவது இருக்கிறதா என்றே முதலில் பார்க்கின்றன.

ஊர் திரும்பினால்? 1961ஆம் ஆண்டு வழக்கறிஞர் சட்டப்படி, வெளிநாட்டுப் பட்டத்தை இந்திய பார் கவுன்சில் ஏற்றிருந்தால்தான் இங்கே பதிவு செய்யலாம். எல்லாப் பல்கலைக்கழகங்களும் அந்தப் பட்டியலில் இல்லை. பட்டியலில் இருந்தாலும், பிளஸ் டூ முடித்து நேராகச் சென்று பெற்ற மூன்றாண்டுப் பட்டம் நம் நாட்டு ஐந்தாண்டுப் படிப்புக்குச் சமமாகக் கருதப்படுவதில்லை. இரண்டாண்டு இணைப்புப் படிப்பும், இந்திய அரசமைப்பு, உரிமையியல் நடைமுறை, குற்றவியல் நடைமுறை முதலான பாடங்களில் தகுதித் தேர்வும் கேட்கிறார்கள். மூன்றும் இரண்டும் ஐந்து. ஏஜெண்டு சொன்ன "மூன்றே வருஷம்" இங்கே கரைந்துவிடுகிறது! தபாலிலும் இணையத்திலும் படித்த சட்டப் பட்டம் இங்கே செல்லவே செல்லாது. லண்டன் பல்கலைக்கழகத்தின் தொலைதூர எல்.எல்.பி. மலிவாக இருக்கிறதே என்று சேருபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

மலேசியாவில் வாழும் நம் உறவினர்களுக்குக் கணக்கு வேறு. அங்கே ஏற்கப்பட்ட பிரிட்டன் பட்டத்துக்குப் பிறகு சி.எல்.பி. என்ற தேர்வு இருக்கிறது. சிங்கப்பூரில் குறிப்பிட்ட சில பிரிட்டன் பல்கலைக்கழகங்களை மட்டுமே ஏற்கிறார்கள். ஆகவே கோலாலம்பூரில் மச்சானின் மகனுக்குச் சரிப்பட்டது கீழக்கரையில் உங்கள் மகனுக்கும் சரிப்படும் என்று எண்ண வேண்டாம்.

என் கருத்து இது. பிள்ளை தமிழ்நாட்டில்தான் வக்கீலாக வாழப் போகிறார் என்றால் இங்கேயே ஐந்தாண்டுச் சட்டம் படிக்கட்டும். சென்னையில் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகமும் திருச்சியில் தேசியச் சட்டப் பல்கலைக்கழகமும் இருக்கின்றன. அதன்பின் பிரிட்டனில் ஓராண்டு எல்.எல்.எம். படிக்கலாம். செவனிங் போன்ற முழு உதவித்தொகைகள் முதுநிலைக்குத்தான் கிடைக்கின்றன, இளநிலைக்கு அல்ல. செவனிங்குக்கு இரண்டாண்டுப் பணி அனுபவமும் வேண்டும்; சட்டம் முடித்து நீதிமன்றம் செல்பவருக்கு அது தானாகவே சேர்ந்துவிடும். இங்கே வழக்கறிஞராகப் பதிவு பெற்றவர் எஸ்.க்யூ.இ. எழுதி இங்கிலாந்துச் சொலிசிட்டராகவும் ஆகலாம், அதற்கு அந்த நாட்டு எல்.எல்.பி. தேவையில்லை. அங்கேயே குடியிருக்கும் குடும்பங்களும், அங்கேயே தொழில் செய்வது என்று தெளிவாக முடிவெடுத்தவர்களும் இளநிலையிலேயே சேர்வது பொருத்தம்.

வட்டியும் உம்மாவின் நகையும்

இங்கிலாந்தில் குடியிருப்போருக்கு 2025-26இல் உச்சக் கட்டணம் ஆண்டுக்கு 9,535 பவுண்டு. நம் நாட்டிலிருந்து செல்பவருக்கு அதுபோல் இரு மடங்கு, சில இடங்களில் மூன்று மடங்குக்கும் மேல். மருத்துவச் சேவைக்காக ஆண்டுக்கு 776 பவுண்டு விசாவோடு கட்ட வேண்டும். ஒன்பது மாத வாழ்க்கைச் செலவு, லண்டன் என்றால் மாதத்துக்கு 1,500 பவுண்டை ஒட்டி, வங்கிக் கணக்கில் தொடர்ந்து 28 நாள் இருக்க வேண்டும். பருவ காலத்தில் வாரம் 20 மணி நேரம் வேலை செய்யலாம் என்பதை நம்பிக் கட்டணத்துக்குத் திட்டம் போடாதீர்கள். அது கைச்செலவுக்கே சரியாகும்.

இந்தப் பணத்துக்கு வங்கிக் கடன் என்றால் வட்டி. பிரிட்டன் அரசின் மாணவர் கடனிலும் வட்டி உண்டு. வட்டியில்லா மாற்று முறைக்கு 2017இலேயே சட்டத்தில் வழி செய்தும் அது இழுபட்டுக்கொண்டே போவது அங்குள்ள முஸ்லிம் மாணவர்களின் நீண்டநாள் வருத்தம். அதுவும் நம் ஊரிலிருந்து செல்பவருக்கானது அல்ல. உள்ளூரில் வட்டியில்லாமல் அதே தொழிலுக்குப் படிக்க வழி இருக்கும்போது, வெளிநாட்டு இளநிலைப் பட்டத்துக்காக வட்டிக் கடன் வாங்குவதை 'நிர்ப்பந்தம்' என்று சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை.

விற்கத் துணியும் நகை உம்மாவுடையது என்றால், அது அவருடைய தனிச் சொத்து. வாப்பா எடுத்து விற்க உரிமை இல்லை; அவர் மனம் விரும்பித் தந்தால் மட்டுமே ஆகும். வளைகுடாவில் இருக்கும் மாமா அனுப்பும் பணம் அன்பளிப்பா, கர்ளு ஹஸனா என்பதை அன்றைக்கே எழுதிக்கொள்ளுங்கள். ஒரு பிள்ளைக்கு ஒரு கோடி செலவழித்து, தங்கைக்குப் பக்கத்து ஊர் கல்லூரிக் கட்டணம்கூடக் கணக்குப் பார்த்தால், பிள்ளைகளிடையே நீதி என்ற கட்டளை எங்கே போனது? பிரிட்டனில் சட்டம் படிப்பவர்களில் பெண்களே அதிகம் என்பதையும் இங்கே சொல்லிவைக்கிறேன்.

இத்தனைக்கும் பிறகு அனுப்புவது என்று முடிவானால், விண்ணப்பம் யூகாஸ் என்ற ஒரே வாசல் வழியாகத்தான். ஐந்து இடங்கள் வரை குறிப்பிடலாம். ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜுக்கு முந்தைய ஆண்டு அக்டோபர் 15, மற்றவற்றுக்கு ஜனவரி. அதாவது பிளஸ் டூ படிக்கும்போதே விண்ணப்பித்தாக வேண்டும். முன்னணி இடங்கள் பல எல்நாட் என்ற தேர்வைக் கேட்கின்றன: 42 கொள்குறி வினாக்களுக்கு 95 நிமிடம், ஒரு கட்டுரைக்கு 40 நிமிடம். சட்ட அறிவைச் சோதிப்பதில்லை. வாசித்துப் புரிந்து வாதத்தை எடைபோடுவதையே சோதிக்கிறது. ஐஇஎல்டிஎஸ் மதிப்பெண்ணும் சட்டத்துக்கு மற்ற பாடங்களைவிட உயர்வாகக் கேட்பார்கள்.

தொழுகை இடம், ஹலால் உணவு, இஸ்லாமிய மாணவர் சங்கம் பெரும்பாலான பெரிய பல்கலைக்கழகங்களில் இருக்கின்றன. டிசம்பரில் லண்டனில் மாலை நான்குக்கு முன்பே மஃக்ரிப் வந்துவிடும். லுஹரும் அஸரும் வகுப்புகளுக்கு நடுவே நெருங்கி வரும். ஜூனில் இஷா நள்ளிரவை நெருங்கும், தேர்வுக் காலமும் அதையொட்டியே வரும். இதைப் பிள்ளை முன்கூட்டியே அறிந்து செல்வது நல்லது.

முன்பணம் கட்டுவதற்கு முன்பு ஒரு வேலை பாக்கி இருக்கிறது. சேரப்போகும் பல்கலைக்கழகத்தின் பெயரையும் படிப்பின் பெயரையும் குறிப்பிட்டு, இந்தப் பட்டம் பெற்றால் இங்கே பதிவு செய்ய இன்னும் என்னென்ன வேண்டும் என்று டில்லியிலுள்ள பார் கவுன்சிலுக்கு எழுதிக் கேளுங்கள். விதிகள் மாறுபவை, ஏஜெண்டின் வாய்ச்சொல் வேண்டாம், பதிலை எழுத்தில் வாங்கிக் கோப்பில் வையுங்கள். அந்தப் பதில் வரும்வரை மனைக்கு அட்வான்ஸ் வாங்க வேண்டாம்.